தண்ணி ஜங்ஷனில் ஆறு நிமிடம்

ஜனவரி 9
ஒன்பதாம் பெட்டி, உதவியாளர் அறை

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதிக்கொண்டது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ மூன்று வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் முள்ளை வாயில் போட்டுக்கொண்டபோது, "அக்கா, இவ ஒரு நாள் ரயில்வேல டைம்டேபிள் போடுவா, எழுதி வெச்சுக்கோ" என்று உன் அம்மாவிடம் சொன்னது நான்தான். "முதல்ல முள்ளை வெளிய எடுடா" என்றாள் அவள். என் அக்காவுக்கு அந்தக் காலத்திலேயே தூரப் பார்வை கிடையாது.

விசாரணைக் கவுன்ட்டரிலிருந்து கால அட்டவணைப் பிரிவுக்கு உன்னை மாற்றுவார்கள் என்றும் சொன்னேன். விடிவதற்கு முன்னால் நாலு பத்துக்குப் போய் நிற்கும் நம் இரவு வண்டியின் நேரத்தை ஒருநாள் ஒரு புத்திசாலி மாற்றப் பார்ப்பாள் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. தலையணை உறைகளிடம் சொன்னேன். அவை எதிர்த்துப் பேசுவதில்லை.

கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று நீ கேட்பாய். போனில் "சரி மாமா, சரி மாமா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. தவிர, நம் வண்டியின் கார்டு தினமும் காலையில் உங்கள் அலுவலகப் பெட்டியில் காகிதம் போடத்தான் போகிறார். இதையும் போடட்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "தண்ணி ஜங்ஷனில் வண்டி பதினான்கு நிமிடம் நிற்கிறது. பெட்டிகளின் தொட்டியில் தண்ணீர் நிரப்ப உண்மையில் எவ்வளவு நேரம் தேவை?" என்று கேட்டிருக்கிறாய். அந்த ஊருக்கு வேறு பெயர் இருக்கிறது, ஆனால் எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. வண்டி தண்ணீர் குடிக்கிற இடம், அதனால் தண்ணி ஜங்ஷன். பதினெட்டு வருஷமாக இந்தப் பெட்டியில் போர்வை கொடுத்து, தலையணை கொடுத்து, இறங்க வேண்டியவர்களை எழுப்பிவிட்டு வருகிற நான் சொல்கிறேன், ஆறு நிமிடம் போதும்.

ஏனென்றால் அங்கே வண்டிக்கு இரண்டு பக்கமும் குழாய் வரிசை இருக்கிறது. பிளாட்பாரப் பக்கம் ஆறு, மறுபக்கம் ஆறு. பெட்டிகள் பன்னிரண்டு. கணக்கை நீயே போட்டுக்கொள். பிளாட்பாரப் பக்கத்துக் குழாய்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு பெட்டியை நிரப்பி, பிறகு ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆறுக்கு ஓடிப் பழகிவிட்டார்கள். பழக்கத்துக்கு மருந்து இல்லை.

போன வாரம் ஒரு நீதிபதி என் பெட்டியில் வந்தார். நான் மடித்த போர்வையைப் பிரிக்க மனம் வராமல் இரவு முழுக்கக் குளிரில் உட்கார்ந்தே வந்தார். இதையும் உன் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமா


பிப்ரவரி 4
கால அட்டவணைப் பிரிவு, இரண்டாம் மாடி

அன்புள்ள மாமா,

நீதிபதியைச் சேர்க்கவில்லை. குழாயைச் சேர்த்துவிட்டேன். அனுமதி கிடைத்துவிட்டது!

மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாள் சோதனை ஓட்டம். இரவு 8.50க்குப் பதிலாக 11.08க்குக் கிளம்பி, காலை 4.10க்குப் பதிலாக 6.20க்கு வந்து சேரும். 11.08க்கு முன்னால் அங்கே பிளாட்பாரம் காலியில்லை, தபால் வண்டி நிற்கும். 6.20க்குப் பின்னால் இங்கே பாதை காலியில்லை, ஆபீஸ் போகிறவர்களின் லோக்கல் வண்டிகள் தொடங்கிவிடும். ஒரு நிமிடம் தவறினால் நம் வண்டி நாற்பது நிமிடம் வெளியே நிற்க வேண்டியதுதான். நடுவில் எங்கிருந்தாவது எட்டு நிமிடம் வேண்டும் என்று மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த எட்டு நிமிடத்தைக் கொடுத்தது உங்கள் கடிதம்.

எங்கள் பிரிவுத் தலைவரைச் 'சிவப்பு மை' என்போம். எதைக் கொடுத்தாலும் ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்வி எழுதித் திருப்பிவிடுவார். "இரண்டு பக்கக் குழாய்: யார் சொன்னது?" என்று எழுதியிருந்தார். ஜங்ஷனின் வரைபடத்தைத் தேடினேன். கிடைத்தது பழைய படம், அதில் பிளாட்பாரமே வேறு இடத்தில் இருக்கிறது. "பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள ஊழியர் எழுத்தில் கொடுத்த தகவல்" என்று பதில் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வுக்காக முதன்முதலில் இங்கே வந்த அன்று நானும் நாலு பத்துக்குத்தான் இறங்கினேன். பெண்கள் காத்திருப்பு அறைக்கு ஆறு மணிக்குத்தான் சாவி வரும். ஒரு தூணுக்கும் எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் நடுவில் பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். ஓர் ஆள் வந்து எடை பார்த்தான். போனான். திரும்ப வந்து பார்த்தான். மொத்தம் மூன்று தடவை. ஒரு மனிதனின் எடை ஒரு மணி நேரத்தில் அவ்வளவு மாறாது மாமா. இதை அம்மாவிடம் சொன்னதில்லை. அந்த வண்டியில் வாரத்துக்கு எத்தனை பெண்கள் தனியாக இறங்குகிறார்கள் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறேன்.

சோதனை தோற்றால் வண்டி பழையபடி நாலு பத்துக்கே போகும். நானும் விசாரணைக் கவுன்ட்டருக்குப் போவேன். தோற்காது. தண்ணீர்தான் சிக்கலாக இருந்தது, அதை நீங்கள் தீர்த்துவிட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 7
ஒன்பதாம் பெட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

அந்த எடை பார்த்தவன் என் கையில் கிடைத்திருந்தால் அவன் எடையில் கால்வாசியைக் குறைத்திருப்பேன். அது இருக்கட்டும்.

ஒரு சின்ன யோசனை. பதினான்கு நிமிடம் என்பது நன்றாகத்தானே இருக்கிறது? அதை எதற்குக் கெடுக்க வேண்டும்? பயணிகள் கீழே இறங்கி டீ குடிப்பார்கள், கால் நீட்டி நடப்பார்கள், கிளம்பிவிட்டதோ என்று பயந்து ஓடி வந்து ஏறுவார்கள். அதிலே அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அந்த எட்டு நிமிடத்தை வேறு எங்காவது எடுக்க முடியாதா? டிரைவரைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டச் சொல். நல்ல மனுஷன். நான் சொன்னால் கேட்பார், என் சர்வீஸுக்கு ஒரு மரியாதை உண்டே. இருபது வருஷம் என்றால் சும்மாவா?

எதற்குச் சொல்கிறேன் என்றால், குழாய் என்பது மனிதன் மாதிரி. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது.

மாமா


பிப்ரவரி 10
கால அட்டவணைப் பிரிவு

அன்புள்ள மாமா,

அச்சுக்குப் போய்விட்டது. எல்லா நிலையங்களிலும் ஒட்டப்போகிறார்கள். டிரைவரை அழுத்தி ஓட்டச் சொல்வதற்கு ரயில்வேயில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்குத் தண்டனையும் இருக்கிறது.

குழாய் மனிதன் மாதிரி இல்லை. குழாய் குழாய் மாதிரிதான். பயப்படாதீர்கள். நான் பயப்படவில்லை.

மருமகள்

பி.கு.: ஜனவரியில் பதினெட்டு வருஷம், பிப்ரவரியில் இருபது. உங்கள் சர்வீஸ் வண்டியைவிட வேகமாக ஓடுகிறது.


மார்ச் 2
ஒன்பதாம் பெட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

வெற்றி! நேற்று ராத்திரி முதல் ஓட்டம். இன்று காலை வண்டி ஆறு பத்தொன்பதுக்கே உள்ளே நுழைந்தது. சூரியன் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்து அப்புறம்தான் எழுந்தது. பயணிகள் கை தட்டினார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் தட்டினார்கள். ஒரு கைக்குழந்தைகூடத் தட்டியது.

தனியாக வந்த ஒரு பெண் இருந்தாள், பதினேழாம் படுக்கை. போன மாதம் இதே வண்டியில் இரண்டு மூன்று தடவை வந்தவள். அப்போது எழுப்பும்போதே அவள் முகத்தில் ஒரு கலக்கம் இருக்கும், இறங்கும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். இன்று ஜன்னலைத் திறந்து, தலை வாரி, "வெளிச்சமா இருக்கு, இல்ல?" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயம் எல்லாம் நலம். பெரும்பாலும்.

மாமா


மார்ச் 10
கால அட்டவணைப் பிரிவு

மாமா,

'பெரும்பாலும்' என்று நீங்கள் எழுதியதை நான் சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

ஒன்பது நாளில் முப்பத்தோரு புகார். எல்லாமே ஏழாம் பெட்டியிலிருந்து பன்னிரண்டாம் பெட்டி வரை. ஐந்தரை மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒருவர் பாதி பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குழாய் நின்றுவிட்டது. வாயில் நுரையோடு இறங்கி, நேரே நிலைய மேலாளர் அறைக்குள் நுழைந்து, பேச முடியாமல் சைகையிலேயே புகார் கொடுத்திருக்கிறார். "புகார்தாரர் நுரையுடன் காணப்பட்டார்" என்று பதிவு செய்திருக்கிறார்கள். சிவப்பு மை அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

என் தப்பும் இதில் இருக்கிறது. நாலு பத்துக்கு இறங்கியபோது யாரும் வண்டியில் முகம் கழுவவில்லை, தூக்கத்திலேயே இறங்கிப் போனார்கள். இப்போது விடிந்து எழுந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் நிரப்பினால் அதற்கும் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அப்படியானால் ஆறு பெட்டிக்கு மட்டும் ஏன் தண்ணீர் ஏறவில்லை? மறுபக்கக் குழாயைத் திறக்கிறார்களா, இல்லையா? நீங்கள் தினமும் அங்கேதானே நிற்கிறீர்கள்?

இம்மாத இறுதிவரை தவணை. அதற்குள் புகார் நிற்காவிட்டால் சோதனை ரத்து.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று அம்மா சொல்வாள். இன்று ஒன்பதாவது நாள். சும்மா ஞாபகம் வந்தது.

மருமகள்


மார்ச் 11
ஒன்பதாம் பெட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அம்மா பழமொழி சொல்லியே என் வாழ்க்கையில் பாதியைக் கெடுத்தாள். அவளை விடு.

விஷயம் ரொம்பச் சாதாரணமானது. மறுபக்கக் குழாயில் வால்வு இறுகிவிட்டது. அவ்வளவுதான். பார்த்துக்கொள்ள வேண்டியவர் அங்கே இருக்கும் குழாய்க்காரர். அவரை நாங்கள் 'மூணு வார்த்தை' என்போம், ஒரு நேரத்தில் அதற்குமேல் பேச மாட்டார். வாய்க்கு எண்ணெய் போடாத மனுஷன் வால்வுக்கா எண்ணெய் போடப்போகிறார்?

பயணிகள் மேலும் தப்பு இருக்கிறது. பல் தேய்ப்பதற்கு எதற்கு இவ்வளவு நுரை?

ஒரு வாரம் கொடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா


மார்ச் 15
கால அட்டவணைப் பிரிவு

மாமா,

வால்வு பழுது என்று உங்களுக்குத் தெரிந்தும் ஒன்பது நாள் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையிடம் காட்டினேன். அந்தக் குழாய்க்காரருக்குக் குறிப்பாணை போய்விட்டது. "இரண்டாவது குழாய் வரிசையின் வால்வைப் பராமரிக்கத் தவறியது ஏன்? பதினைந்து நாளில் விளக்கம் தரவும். தவறினால் பணியிடை நீக்கம்."

வேலையைச் செய்யாதவரால் என் வேலை போகவேண்டாம்.

மருமகள்


மார்ச் 18
(வீட்டிலிருந்து)

மருமகளுக்கு,

அந்தக் குறிப்பாணையைத் திரும்ப வாங்க முடியுமா? முடியாது என்று தெரியும், சும்மா கேட்டேன்.

நான்கு நாள் விடுப்புப் போட்டிருக்கிறேன். எங்கே போகிறேன் என்று உன் அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கும் தெரியாது. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மாமா


மார்ச் 27
ஒன்பதாம் பெட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

தண்ணீர்! தண்ணீர்! பன்னிரண்டு பெட்டியிலும் தண்ணீர்! போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு புகார் உன் மேஜைக்கு வந்ததா சொல்? வராது. நேற்று ஒரு ஆள் பதினோராம் பெட்டியில் தலைக்கே குளித்துவிட்டான். குளிக்கிற இடமா இது என்று அவனைத் திட்டிக்கொண்டே எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது.

எப்படி என்கிறாயா? நேரே ஜங்ஷனுக்குப் போனேன். வால்வைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரே திருகு! சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு தண்ணீர் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

இப்போது எங்கள் ஏற்பாடு எப்படித் தெரியுமா? வண்டி நிற்கும்போதே பன்னிரண்டு உதவியாளர்களும் கதவருகில் தயார். பிளாட்பாரப் பக்கத்தில் முதல் ஆறு பெட்டிக்கும் பெட்டிக்கு இரண்டு பேராக இறங்கி ஹோஸ் மாட்டுகிறோம். மறுபக்கத்தில் மீதி ஆறைக் குழாய்க்காரரும் அவர் கூட்டாளியும் பார்த்துக்கொள்கிறார்கள். "போர்வை கொடுக்கிறவன் எதுக்குய்யா தண்ணி பிடிக்கணும்?" என்று மூன்றாம் பெட்டிக்காரன் முறைத்தான். "ஒரு வாரம் உன் பெட்டியில தண்ணி இல்லாம வந்து பாரு, பயணிங்க உன்னையே பிழிஞ்சிருவாங்க" என்றேன். இறங்கிவிட்டான். ஐந்து நிமிடம் நாற்பது விநாடியில் முடிக்கிறோம். இருபது விநாடி மூச்சு வாங்க.

அந்தக் குழாய்க்காரரைப் பற்றி நான் முன்னே எழுதியதை மறந்துவிடு. நல்ல மனுஷன். ரொம்ப நல்ல மனுஷன். அவரை ஒன்றும் செய்யாதீர்கள்.

மாமா


ஏப்ரல் 16
கால அட்டவணைப் பிரிவு, இரண்டாம் மாடி

அன்புள்ள மாமா,

இதை எழுத உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மாவே இருந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை சிவப்பு மை ஃபைலைத் திருப்பித் தந்தார். ஓரத்தில் கேள்வி இல்லை. "நிரந்தரமாக்கலாம்" என்று எழுதியிருந்தது. அதையும் சிவப்பு மையில்தான் எழுதியிருந்தார். வண்டி இனி எப்போதும் ஆறு இருபதுக்குத்தான் வரும். என் மேஜையும் இங்கேதான். சாப்பாட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு இரண்டு டீ குடித்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன், எடை பார்க்கும் இயந்திரக் கதையையும் சேர்த்து. அம்மா முதலில் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தாள். பிறகு, "உன் மாமன் ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சானே" என்றாள்.

ஆனால் மாமா, ஒன்று கேட்க வேண்டும்.

போன சனிக்கிழமை உங்கள் வண்டியில் நான் வந்தேன். ஏழாம் பெட்டியில், உங்களிடம் சொல்லாமல். உங்கள் ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தது. தண்ணி ஜங்ஷனில் கதவைத் திறந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். ஆறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் புது இணைப்பு, இன்னும் பெயின்ட்கூட அடிக்கவில்லை. குழாய்களின் வாய் பக்கத்துப் பாதையைப் பார்த்து இருக்கிறது. நம் பக்கம் வருவது ஒட்டுப்போட்ட கிளை. நீங்கள் ஒரே திருகில் திறந்த வால்வைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். இல்லை.

குழாய்க்காரர் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். "உங்க மாமா எழுதினாரா?" என்று கேட்டார். "என்ன எழுதினாரா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். மூன்று வார்த்தைதான். எண்ணிப் பார்த்தேன்.

அவர் குறிப்பாணைக்குக் கொடுத்த விளக்கமும் வந்திருக்கிறது. ஒரு முழுத் தாளின் நடுவில், "உங்கள் மாமாவைக் கேளுங்கள்." என் பெயருக்கே எழுதியிருக்கிறார். சிவப்பு மைக்குக் கோபம். இருபதாம் தேதிக்குள் வேறு விளக்கம் வராவிட்டால் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்கிறார். அந்த மனிதர் மேல் கையெழுத்துப் போட என் கை வரவில்லை.

"உன் மாமன் சொல்றதைப் பாதியாக்கித்தான் நம்பணும்" என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஜனவரியில் நான் அதை மறந்துவிட்டேன். இரண்டு பக்கக் குழாயைப் பாதியாக்கினால் எத்தனை பக்கம் வரும், மாமா?

கோபமில்லை. பதில் மட்டும் வேண்டும்.

மருமகள்


ஏப்ரல் 18
ஒன்பதாம் பெட்டி, உதவியாளர் அறை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நான் அப்போதே சொன்னேன். இந்தத் தடவை தலையணை உறையிடம் இல்லை, குழாய்க்காரரிடமே சொன்னேன். "கண்டுபிடிக்கும் முன்னாடி எழுதுங்க" என்றார். மூன்று வாரமாகத் தினமும் வண்டி நின்றதும் ஹோஸோடு என் பெட்டிப் பக்கம் வந்து, "எழுதியாச்சா?" என்பார். "நாளைக்கு" என்பேன். ஆறு நிமிடத்தில் பத்து விநாடி இதற்கே போய்க்கொண்டிருந்தது.

நிரந்தரமாகிவிட்டது என்று படித்ததும் ஒன்பதாம் பெட்டியில் எல்லோருக்கும் இரண்டு தலையணை கொடுத்தேன். கேட்டவர்களிடம் விழா என்றேன். என்ன விழா என்று ஒருவர் கேட்டார். "வண்டி விடிஞ்சப்புறம் போகுதே, அதுதான்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு படுத்ததும் தூங்கினேன். ஆறாம் படுக்கைக்காரரை எழுப்ப வேண்டியவன் நான், அவர் வந்து என்னை எழுப்பினார்.

விடுப்புப் போட்ட அன்று பகல் வண்டியில் ஜங்ஷனுக்குப் போனேன். குழாய்க்காரர் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். நாலுக்கு ஆறடி அறை. சுவர் முழுக்க ஆணியில் வளையம் வளையமாக ஹோஸ். மேஜையில் உங்கள் குறிப்பாணை. அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளர், பறக்காமல் இருக்க.

"வாங்க" என்றார். குறிப்பாணையை என் பக்கம் தள்ளினார். "வால்வு எங்க இருக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றிவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நான் அப்படித்தான் இத்தனை நாள் பிழைத்தேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை. அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் அந்தக் காகிதம் பறந்துவிடக் கூடாது என்று டம்ளர் வைத்திருக்கிறார். இல்லாத வால்வுக்கு எண்ணெய் போடாத குற்றம்!

"வால்வு இல்லங்க. நான்தான் எழுதிட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கம் போனார். "எத்தன வருஷமா வர்றீங்க?" என்று கேட்டார்.

"பதினாறு" என்றேன். உண்மையான எண்ணைச் சொன்னால் வாய் இவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் பார்த்திருக்கீங்களா?"

ஐந்து வார்த்தை. கோபம் வந்தால்தான் வரம்பு மீறுவார் போலிருக்கிறது.

நம் வண்டி நிற்கிற பாதைக்கு அடுத்தது, காலிப் பெட்டிகளைக் கழுவுகிற பாதை. அதற்காக ஒரு குழாய் வரிசை அங்கே இருந்தது. துருப்பிடித்து, வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. சண்டை போட்ட சொந்தக்காரன் மாதிரி நமக்கு முதுகைக் காட்டி நின்றது. நான் அதைப் பார்த்ததே அன்றைக்குத்தான். குழாய்க்காரர் குனிந்து ஒரு குழாயைத் தட்டிப் பார்த்தார். "கிளை விட்டா வரும்" என்றார்.

நான்கு நாள், மருமகளே. கழிவுக் கொட்டகையில் இணைப்புகளைத் தேடி எடுத்தோம். அவர் அளவெடுத்து அறுப்பார், நான் துருவைச் சுரண்டுவேன். ராத்திரியில் கழுவு பாதை சும்மாதான் கிடக்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி வாங்கியதும் அவர்தான், மூன்று வார்த்தையில். "தண்ணி சும்மாதானே கிடக்கு?" ஒரே திருகு என்று எழுதினேனே, அது நானூறு திருகு. என் இரண்டு கையிலும் கொப்புளம். உன் அம்மாவே பார்த்துவிட்டு மருந்து போட்டாள், "எவன்கிட்டடா அடி வாங்கின?" என்று கேட்டுக்கொண்டே.

கடைசி நாள் முதல் ஹோஸில் தண்ணீர் வந்ததும், நான் பேசுவதற்கு முன்னால் குழாய்க்காரர் பேசினார். கூலி வேண்டாம், பாராட்டு வேண்டாம் என்றார். "மருமகளுக்கு உண்மையை எழுதுங்க." சரி என்றேன். எழுத உட்கார்ந்தேன். பேனா தானாக 'சட்டைக் கையை மடித்துவிட்டு' என்று எழுதிவிட்டது. பழக்கத்துக்கு மருந்து இல்லை என்று நானே உனக்கு எழுதியிருக்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையிடம் கொடு. குழாய்க்காரர் மேலுள்ள குறிப்பாணையை ரத்து செய்து, முடிந்தால் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதி அனுப்பச் சொல். மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம், கூச்சப்படுவார். என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கட்டும். பெட்டி மாற்றினாலும் சரி. எந்தப் பெட்டியாக இருந்தாலும் தண்ணீர் இருக்குமே.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பதினாறு வருஷத்தில் ஆபீஸிலிருந்து எனக்கு நிறையக் காகிதம் வந்திருக்கிறது. போர்வை ஒன்று குறைகிறது, தலையணை உறை இரண்டு கிழிந்திருக்கிறது, விளக்கம் தரவும். 'இது எப்படி நடக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்டு வந்த முதல் காகிதம் உன்னுடையதுதான். அதை நாலு பேரிடம் காட்டினேன். காட்டிவிட்டு, 'தெரியாது' என்று பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஃபைலில் வைக்க வசதியாக ஒரே வரியில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். பதினேழாம் படுக்கைப் பெண் சொன்னது சத்தியம், ஐந்து நிமிடம் நாற்பது விநாடி சத்தியம், நீதிபதிகூட ஓரளவு சத்தியம். ஆனால் ஜனவரி ஒன்பதாம் தேதி நான் உனக்கு எழுதியபோது, வண்டிக்கு மறுபக்கம் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஒன்றுகூட இல்லை. அது மட்டும் நானாகச் சேர்த்தது.

மாமா